சிவப்புத் தடமும் சுமைதாங்கிக் கல்லும்

என் வயது மலேசியத் தமிழ் இளைஞர்களிடம் ‘உன்னை உலுக்கிய கதை எது?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நாவல் பெயர் வராது. முதலில் சினிமா வரும். கொஞ்சம் நெருங்கிக் கேட்டால், தயங்கித் தயங்கி ஒரு கணினி விளையாட்டின் பெயர் வரும். தயக்கத்துக்குக் காரணம் நம்முடைய இலக்கியக் கூட்டங்கள்தான். எந்தக் கூட்டமானாலும் யாராவது ஒரு பெரியவர் எழுந்து ‘கேம் விளையாடிக் கெட்டுப்போன தலைமுறை’ என்று ஒரு வரி சொல்லாமல் உட்கார மாட்டார். மறுபக்கம் என் நண்பர்கள். ‘டேய், விட்சர் 3 ஒரு நாவல்டா. இதுக்கு மேல எதுக்குடா புக்கு?’ என்பார்கள்.

இரண்டு தரப்பும் சொல்வது தவறு. பெரியவர் விளையாடிப் பார்க்காமல் திட்டுகிறார். நண்பன் நூறு மணி நேரம் விளையாடியும் எது தன்னைத் தொட்டது என்று யோசிக்காமல் புகழ்கிறான். இந்த விளையாட்டின் பலம் பலரும் சொல்கிற இடத்தில் இல்லை. பலவீனமும் அப்படித்தான். இரண்டையும் சரியாகப் பார்த்தால், நம் தோட்டக் கதைகளை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற சங்கடமான கேள்விக்கு வந்து சேர்வோம். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ‘தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்’ 2015 மே மாதம் வெளிவந்தது. வார்சாவில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் என்ற நிறுவனத்தின் ஆக்கம். 2007, 2011 ஆண்டுகளில் வந்த இரண்டு பாகங்களின் தொடர்ச்சி. 2023க்குள் ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. மூலக்கதை போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியுடையது. கெரால்ட் என்பவன் கூலிக்குப் பேய் பிசாசு விரட்டுபவன். வளர்ப்பு மகள் போன்ற சிரியைத் தேடி ஊர் ஊராகப் போகிறான். போகிற வழியில் ஊர்க்காரர்களின் வேலைகளை எடுத்துச் செய்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான்.

முதலில் பலத்தைச் சொல்கிறேன். ‘எவ்ளோ பெரிய மேப் தெரியுமா’ என்பார்கள். பெரிய வரைபடம் எல்லா விளையாட்டிலும் இருக்கிறது. விட்சரின் பலம், அது தன் கிராமத்தை விட்டுப் போகவில்லை என்பது. கதையின் முதல் பெரிய நிலம் வெலென். போர் மிதித்துவிட்டுப் போன சதுப்பு நிலம். சேறு, பட்டினி, மரத்தில் தொங்கும் பிணங்கள். வேலைக்கு ஆள் கூப்பிடும் கிராமத் தலைவனிடம் கெரால்ட் கூலி பேரம் பேச வேண்டும். ஊரே சில்லறை சேர்த்துக் கொடுக்கும் காசு அது. சில இடங்களில் ‘வேண்டாம், வைத்துக்கொள்’ என்றும் சொல்லலாம். வீரனும் கூலி வாங்குகிறான், கூலியைக் கொடுப்பவன் அவனைவிட ஏழை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு இது புரியாமல் போகாது.

அந்த வெலெனில் ஒரு பிரபு இருக்கிறான். போர் முடிந்து வந்தவன், குடிகாரன், மனைவியின் காதலனைக் கொன்றவன், மனைவியை அடித்தவன். அவளும் மகளும் வீட்டை விட்டுக் காணாமல் போய்விட்டார்கள். தேடித் தரும்படி கெரால்டைக் கேட்கிறான். தோண்டத் தோண்டத் தெரிகிறது: அவனோடு நடந்த அடிதடியில் மனைவியின் கரு கலைந்திருக்கிறது. பெயர் வைக்காமல், சடங்கு செய்யாமல் புதைத்த அந்தச் சிசு பேயாக எழுந்து வருகிறது. இப்போது உங்கள் கையில் இரண்டு வழி. வாளால் வெட்டலாம். அல்லது அந்தத் தகப்பனே அதைக் கையில் ஏந்தி நடந்து, பெயர் வைத்து, வீட்டு வாசற்படியின் கீழ் அடக்கம் செய்யலாம். அப்படிச் செய்தால் அந்தச் சிசுவே குடும்பத்துக்கு வழிகாட்டும் ஆவியாக மாறும்.

இந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது சுமைதாங்கிக் கல். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காக ஊர் வழியில் நட்டு வைக்கும் கல். சுமை தூக்கி வருகிறவன் அதன்மேல் தன் சுமையை இறக்கி இளைப்பாறுவான். அவளுடைய சுமையும் அதில் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. நம்முடையதும் போலந்துக்காரனுடையதும் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட இரண்டு பதில்கள். பிறக்காமல் போன உயிருக்கு உயிரோடு இருப்பவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. போலந்துக்காரன் தன் பதிலைப் பத்திரமாக வைத்திருந்து உலகத்துக்குக் காட்டினான். நம் பதில் எங்கே இருக்கிறது? நாட்டார் வழக்காற்றியல் நூல்களில், ஏதோ ஒரு பக்கத்தில்.

இரண்டாவது பலம், தேர்வுகள். இதையும் தவறாகவே புகழ்கிறார்கள். ‘நம்ம சாய்ஸ்படி கதை மாறும்’ என்பார்கள். கதை மாறுவது பெரிய விஷயமில்லை. தெரியாமலே தேர்ந்தெடுக்க வைப்பதுதான் விஷயம். அதே சதுப்பில் ஒரு குன்று. அதன் மரத்துக்குள் ஓர் ஆவி சிறைப்பட்டிருக்கிறது. ‘என்னை விடுவித்தால் சதுப்புக் கிழவிகளிடம் மாட்டியிருக்கும் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன்’ என்கிறது. விடுவித்தால் குழந்தைகள் பிழைப்பார்கள். பக்கத்துக் கிராமம் அழியும், பிரபுவின் மனைவி இறப்பாள், பிரபு தூக்கில் தொங்குவான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுவார்கள். மனைவி புத்தி பேதலித்து உயிரோடு இருப்பாள், பிரபு அவளைக் கூட்டிக்கொண்டு வைத்தியம் தேடிப் போவான். முடிவெடுக்கும்போது இதெல்லாம் நமக்குத் தெரியாது. சரியான விடை என்று ஒன்று கிடையாது. நல்லவனாக இருந்தால் நல்லது நடக்கும் என்ற சமாதானத்தை இந்தக் கதை கொடுப்பதில்லை.

நம் தோட்டக் கதைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் தோட்டக் கதைகளில் ஒரு குடிகார அப்பா இருப்பார். குடிப்பார், அடிப்பார், செத்துப்போவார். அம்மா அழுவாள். மகன் படித்து டாக்டராவான். அந்த அப்பாவுக்கு ஒரு பக்கம் பேசக் கொடுத்த கதைகள் எத்தனை? தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடக்கவிட்டு, கொடுத்த கூலியை அங்கேயே கரைய வைத்த ஏற்பாட்டைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை? விட்சரின் பிரபுவை யாரும் மன்னிக்கவில்லை. விளையாட்டும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவனைப் பேசவிட்டது. அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சப்பைக்கட்டு என்று பிரிக்கும் வேலையை நம்மிடம் விட்டது. ‘கேம்தானே’ என்று சிரிக்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இனி நண்பர்கள் பக்கம் திரும்புகிறேன். விட்சர் 3 நாவல் இல்லைடா. ஏன் இல்லை என்று சொல்கிறேன்.

கெரால்டுக்குக் கூர்மையான புலன்கள் உண்டு. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் துப்புகள் எல்லாம் சிவப்பாக ஒளிரும். காலடித் தடம் சிவப்பு, இரத்தக் கறை சிவப்பு, உடைந்த கிளையும் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டே போனால் கதையின் அடுத்த கட்டம் வந்துவிடும். ஓரத்துக் குட்டி வரைபடத்தில் புள்ளிக்கோடு வேறு. நீங்கள் எதையும் கவனிக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம், சந்தேகப்பட வேண்டாம். கெரால்டே ‘ம்ம், இது இப்படி நடந்திருக்கும்’ என்று முடிவைச் சொல்லிவிடுவான். துப்பறிபவன் அவன், நாம் அவன் பின்னால் நடக்கும் ஆள். அறம் சார்ந்த முடிவுகளில் நம்மை இவ்வளவு நம்பும் விளையாட்டு, ஒரு காலடித் தடத்தைக் கண்டுபிடிப்போம் என்று நம்ப மறுக்கிறது.

‘அது இல்லன்னா ஆளுங்க தொலைஞ்சு போயிடுவாங்க’ என்று பதில் வரும். போகட்டுமே. 2002இல் வந்த மொரோவிண்ட் விளையாட்டில் போக வேண்டிய இடத்துக்குக் குறி கிடையாது. ‘பாலத்தைத் தாண்டு, பாதை பிரியும் இடத்தில் வடக்கே திரும்பு’ என்று ஒரு பாத்திரம் வாயால் சொல்லும். நாம்தான் கேட்டுக்கொண்டு போக வேண்டும். தொலைந்தோம். தொலைந்ததால்தான் அந்த நிலம் மனத்தில் நின்றது. விட்சரிலும் வரைபடத்தை அணைத்து வைக்கலாம். ஆனால் பாத்திரங்கள் வழியை வாயால் சொல்லும்படி பெரும்பாலும் எழுதப்படவில்லை. அணைத்தால் குருடாக அலைய வேண்டியதுதான். இந்தக் குறை எழுத்திலேயே இருக்கிறது, பொத்தானைத் தட்டிச் சரிசெய்ய முடியாது.

நான் பொறியாளன். ஓர் அமைப்பு எதை மதிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் விளம்பரத்தைப் படிக்க மாட்டேன். அது எதை எண்ணுகிறது என்று பார்ப்பேன். பிரபு தூக்கில் தொங்குகிறான். மனம் கனத்து நிற்கிறோம். அதே நேரம் திரையில் ‘பணி முடிந்தது’ என்று எழுத்து வருகிறது, அனுபவப் புள்ளி ஏறுகிறது. சாவு வீட்டில் யாரோ சம்பளச் சீட்டை நீட்டுவதுபோல் இருக்கிறது. இன்னொன்று. வெலெனில் மக்கள் பட்டினி என்று கதை சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தக் குடிசைக்குள் புகுந்து மூட்டையில் இருக்கும் ரொட்டியையும் காசையும் எடுத்துக்கொண்டு போனால், காவலன் கண்ணில் படாதவரை யாரும் கேட்பதில்லை. பேரம் பேசும்போது மட்டும் ஏழையின் காசுக்கு எடை இருக்கிறது. மற்ற நேரம் அது தரையில் கிடக்கும் சாமான். மகள் உயிருக்கு ஆபத்து, ஓடு ஓடு என்று கதை விரட்டும். நாமோ சத்திரத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்போம். கதை ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்.

பெண்கள் விஷயத்திலும் இதே கணக்குதான். 2007இன் முதல் பாகத்தில் கெரால்டுடன் படுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு படச்சீட்டு பரிசாகக் கிடைக்கும். மூன்றாம் பாகத்தில் அந்த அசிங்கம் இல்லை. யென்னபர், சிரி போன்ற முதுகெலும்புள்ள பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும் சரியான வசனத்தைத் தேர்ந்தெடுத்தால் காதல் திறக்கும் என்ற பூட்டுச்சாவி அமைப்பு அப்படியே இருக்கிறது. அடிபட்ட மனைவியின் கதையை இவ்வளவு கவனமாக எழுதியவர்கள்தான் இதையும் செய்திருக்கிறார்கள். புகழும்போது இதை மறைக்கக்கூடாது.

இந்தச் சிவப்புத் தடத்தை நம் எழுத்திலும் பார்க்கிறேன். எங்கே அழ வேண்டும், யாரை வெறுக்க வேண்டும், கடைசியில் என்ன பாடம் படிக்க வேண்டும் என்று சிவப்பு அடித்துக் கொடுக்கும் கதைகள் நம்மிடம் ஏராளம். வாசகன் தொலைந்துவிடுவான் என்ற பயம். 2023இல் கனடாவிலிருந்து வந்த ‘வெண்பா’ என்ற சின்ன விளையாட்டு அந்தப் பயம் இல்லாமல் இருந்தது. டொராண்டோவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேய் இல்லை, வாள் இல்லை. ஆனால் புலம்பெயர்ந்த பிள்ளைக்கு மொழி எப்படிக் கிழிந்து கிழிந்து வந்து சேர்கிறது என்பதை அது ஆடுபவனின் கையாலேயே செய்ய வைத்துச் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் அதற்குக் கிடைத்தது.

அப்படியானால் தமிழில் ஒரு மாயக்கதை விளையாட்டு வந்தால் எப்படி இருக்கும்? நம் பையன்களிடம் கேட்டால் ஒரே பதில்தான்: ராஜேந்திர சோழன், கப்பற்படை, கடாரம், புலிக்கொடி. 1025இல் கடாரத்தை அடித்தோம் என்று நெஞ்சைத் தட்டுவார்கள். நம் கொள்ளுத்தாத்தா சோழன் கப்பலில் வரவில்லை, தம்பி. கங்காணி ஆள் பிடித்து, நாகப்பட்டினத்தில் ஏற்றி, சரக்கோடு சரக்காகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மன்னன் கதைக்கு நாம் கடல் தாண்டி ஆயிரம் ஆண்டு பின்னால் ஓடுகிறோம். காலடியில் கிடப்பதைத் தாண்டித்தான் அவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது.

காலடியில் என்ன கிடக்கிறது? கோல சிலாங்கூரிலிருந்து தொடங்குகிறேன். கம்போங் குவாந்தானில் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுங்கி அணைகின்றன. வடக்கே ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பு; வெயில் காலத்தில் தீ மண்ணுக்கு அடியிலேயே எரிந்து போகும், மேலே புகை மட்டும் தெரியும். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் கேட்கும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அங்கேதான் போடப்பட்டது. அதைப் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே இந்த வட்டாரத்தை வைத்து ‘மலேசி’ என்ற நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கினார். நம் பாசாக்காட்டில் உலக இலக்கியம் இருந்தது என்று தோட்ட முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மண்ணில் வெட்டி நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை.

பேய்க்கும் பஞ்சமில்லை. ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிய என் பாட்டி சொல்லும் முனி, விடியற்காலை நிரைகளுக்கு நடுவே சுருட்டு நெருப்போடு நடப்பார். தனியாக வரும் பெண்ணுக்கு முன்னால் நடந்து துணை வருவார், திரும்பிப் பார்த்தால் மட்டும் அடிப்பார். மங்கு கவிழ்த்து வைத்திருந்தால் அவர் வந்து போனதாக அர்த்தம். கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன், நாற்பது நிமிடம். பிள்ளை பெற்ற வீடுகளில் படையல் வாங்கும் பெரியாச்சியை நினைத்துப் பாருங்கள். காலடியில் மன்னன், மடியில் வயிறு கிழிந்த அரசி, தூக்கிப் பிடித்த கையில் குழந்தை. கொல்பவளும் அவளே, பிரசவம் பார்ப்பவளும் அவளே. விட்சரின் சதுப்புக் கிழவிகள் காதை அறுத்துக் காணிக்கை கேட்பவர்கள், ஊரைக் காப்பவர்களும் அவர்களே. அவர்களைப் பார்த்து ‘என்னா டார்க்கு லா’ என்று வாயைப் பிளக்கும் நம் ஆள், பெரியாச்சி சிலைமுன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அவள் கதை கேட்காமல் வெளியே வந்துவிடுவான்.

இங்கேதான் என் கோபம். போலந்துக்காரர்கள் தங்கள் பேய்களைக் கழுவவில்லை. நாம் கழுவுகிறோம். சாராயமும் சுருட்டும் வாங்கிய முனிக்கு இப்போது பாலும் பழமும். சேவல் அறுத்த இடத்தில் சலவைக்கல். தகரக் கூரைக்குக் கீழே கல்லாக நின்றவர் கும்பாபிஷேகம் முடிந்ததும் ‘ஸ்ரீ’ ஆகிறார். பூசாரியின் வாய்க்கதை போய் ஒலிபெருக்கி வருகிறது. இதை நாம் முன்னேற்றம் என்கிறோம். தோட்டம் விற்கப்பட்டு லயம் இடிபடும்போது கல்லையாவது பெயர்த்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்கலாம். கதையைப் பெயர்க்க முடியாது. அது அந்த நிரைக்கு, அந்தக் கிணற்றுக்கு, அந்தப் புளியமரத்துக்குச் சொந்தம். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டத்து மக்கள் நிலம் கைமாறிய பிறகு தங்களுக்குச் சொன்ன வீட்டைக் கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடையாய் நடந்தார்கள். எந்தப் புள்ளிக்கோடும் வழிகாட்டாத நடை அது. மாயக்கதைக்கு இதைவிடப் பெரிய தேடல் வேண்டுமா?

‘நமக்கு எங்கடா அவ்ளோ காசு’ என்பது வழக்கமான கடைசிக் கேள்வி. விட்சர் காசில் தொடங்கவில்லை. 1986இல் ‘ஃபன்டாஸ்டிகா’ என்ற போலந்து இதழின் போட்டிக்கு வந்த ஒரு சிறுகதையில் தொடங்கியது. எழுதியவர் அப்போது தோல்வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. விளையாட்டு வர இன்னும் இருபத்தொரு ஆண்டு ஆனது. 2011இல் போலந்துப் பிரதமர் அமெரிக்க அதிபருக்கு அந்த விளையாட்டைப் பரிசாகக் கொடுத்தார். நாம் கடைசிப் படியைப் பார்த்து மலைத்து முதல் படியில் கால் வைக்க மாட்டேன் என்கிறோம்.

முதல் படி என்னவென்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எழுதுகிறவர்கள் தங்கள் தோட்டத்துச் சாமிகளின் கதையை, கழுவாமல், அந்தச் சாமியை இன்னும் கும்பிடும் ஒரு கிழவியின் வாயிலிருந்து கேட்டு எழுத வேண்டும். என்னைப் போல் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. பல விளையாட்டு இயந்திரங்களில் தமிழை இட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. அதைச் சரிசெய்ய யாரும் போலந்திலிருந்து வரப் போவதில்லை. வெறும் எழுத்தால் ஆடும் கிளைக்கதை செய்ய இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு முனி, ஒரு நிரை, இரண்டு முடிவு போதும். வாசகர்களுக்கு ஒரே வேலை: அடுத்த முறை ஒரு தோட்டக் கதை உங்களுக்குச் சிவப்புத் தடம் போட்டுக் கொடுத்தால், அது எவ்வளவு பெரிய எழுத்தாளருடையதாக இருந்தாலும், ‘வேண்டாம் ஐயா, நாங்களே நடந்து பார்க்கிறோம்’ என்று சொல்லுங்கள்.

பத்து வருஷத்தில் இந்தக் கதைகளைச் சொல்லும் வாய்கள் பெரும்பாலும் இருக்காது. அப்போதும் சோழன் இருப்பான், அவனுக்கு ஆபத்தில்லை. முனிக்குத்தான் ஆபத்து.